மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர வேண்டுமா? தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பி.ஏ. வரலாறோ ஆங்கிலமோ தமிழோ முடிக்கப் போகிறீர்கள், அல்லது இன்ஜினியரிங் முடித்துவிட்டு இனியாவது பிடித்ததைப் படிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். டெல்லி, ஹைதராபாத், புதுச்சேரி, திருவாரூர் என்று எங்காவது ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர ஆசை. ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று சொல்ல வீட்டிலும் ஆள் இல்லை, கல்லூரியிலும் ஆள் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தப் பாடம் நல்லது, கலைப் பாடம் படித்தால் வேலை கிடைக்குமா என்பதையெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. நான் சேர்ந்த வருடம் நுழைவுத் தேர்வுக்குப் படித்ததைவிட இ-சேவை மையம், தாலுகா ஆபீஸ், கல்லூரி அலுவலகம், ஸ்கேன் கடை என்று அலைந்ததுதான் அதிகம். என்னோடு தேர்வு எழுதி என்னைவிட நல்ல மதிப்பெண் எடுத்த நண்பர் ஒருவருக்கு, சான்றிதழில் இருந்த தேதி சரியில்லை என்று சொல்லி சீட்டு கைநழுவிப் போனது. தேர்வு அவ்வளவு கடினமில்லை, காகிதம்தான் ஆளைக் கவிழ்க்கும் என்பது என் கருத்து. அதனால் கீழே காகிதத்தைப் பற்றித்தான் நிறைய இருக்கும்.

கட்டணங்களும் விதிகளும் பெரும்பாலும் 2025 சேர்க்கையின்போது இருந்தவை. ஒவ்வொரு ஆண்டும் புதிய தகவல் கையேடு வரும். அதில் மாறியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

1. முதலில் காலண்டரைப் பாருங்கள்

நம் ஊரில் எம்.ஏ. சேர்வது என்றால் மே மாதம் கடைசி செமஸ்டர் எழுதி, ஜூனில் ரிசல்ட் பார்த்து, அப்புறம் கல்லூரி கல்லூரியாகப் போய் விண்ணப்பம் வாங்குவது என்றே பழகிவிட்டோம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு அந்தக் கணக்கு உதவாது. பெரும்பாலானவை க்யூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கின்றன. 2022-இல் தொடங்கிய இந்தத் தேர்வை தேசியத் தேர்வு முகமை, அதாவது என்.டி.ஏ., நடத்துகிறது. விண்ணப்பம் டிசம்பரிலோ ஜனவரித் தொடக்கத்திலோ திறந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் மூடிவிடும். தேர்வு மார்ச்சில். முடிவு ஏப்ரல், மே வாக்கில். அதன் பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகப் பதிவு திறக்கும். ஒதுக்கீட்டுப் பட்டியல்கள் ஜூன், ஜூலை, சில சமயம் ஆகஸ்ட் வரை இழுக்கும்.

அதாவது, மூன்றாம் ஆண்டு ஐந்தாவது செமஸ்டர் முடிந்த கையோடு நீங்கள் விண்ணப்பித்திருக்க வேண்டும். டிகிரி கையில் இல்லையே என்று தயங்க வேண்டாம், இறுதியாண்டு படிப்பவர் என்றே விண்ணப்பிக்கலாம். ஜூனில் ரிசல்ட் வந்த பிறகு விசாரிக்கத் தொடங்குபவர்கள்தான் ஒவ்வொரு வருடமும் அதிகம், அவர்களுக்கு ஒரு வருடம் அப்படியே போகிறது.

அரியர் இருந்தால் இன்னும் கவனம். இறுதி முடிவு வராமலே தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் குறித்த தேதிக்குள் எல்லாத் தாள்களிலும் தேறிய மதிப்பெண் பட்டியலைக் காட்ட வேண்டும். அந்தத் தேதியை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கையேட்டில் பாருங்கள். உங்கள் துணைத்தேர்வு முடிவு அதற்குள் வருமா என்று கல்லூரியில் கேட்டு வையுங்கள்.

2. பல்கலைக்கழகத்தை முடிவு செய்துவிட்டுத் தாளைத் தேர்ந்தெடுங்கள்

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வரலாறு படித்தேன், வரலாற்றுத் தாள் ஒன்றைப் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பார்கள். பிறகு பார்த்தால் அவர்கள் கனவு கண்ட படிப்புக்கு அந்தப் பல்கலைக்கழகம் வேறொரு தாளைக் கேட்டிருக்கும். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு குறியீடு உண்டு. மானுடப் பாடங்களின் தாள்கள் ஒரு வரிசையில் இருக்கும், மொழிகள் இன்னொரு வரிசையில், பல படிப்புகளுக்குப் பொதுவான தாள்கள் வேறொரு வரிசையில். ஆங்கில இலக்கியம் மொழி வரிசையில் இருப்பதால், மானுடப் பாடங்களின் பட்டியலில் தேடிக் கிடைக்காமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எனவே இப்படிச் செய்யுங்கள். ஐந்தாறு பல்கலைக்கழகங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றின் இணையதளத்திலும் உங்களுக்குப் பிடித்த எம்.ஏ.வுக்கு என்ன தாள், என்ன தகுதி, எத்தனை சதவீதம் என்று பார்த்துப் பக்கத்தில் குறியுங்கள். அதிலிருந்து தாள்களைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் நான்கு தாள்கள் வரை எழுதலாம். இரண்டு போதும் என்பேன், அதற்கு மேல் போனால் எதற்கும் ஒழுங்காகப் படிக்க முடியாது.

தகுதியைப் பொறுத்தவரை, எந்தப் பட்டம் இருந்தாலும் சரி என்று ஏற்கும் எம்.ஏ.க்கள் நிறைய உண்டு. சில துறைகள் மட்டும் அதே பாடத்தில் பி.ஏ. கேட்கும், அல்லது இத்தனை தாள் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும். நான்கு ஆண்டு இளங்கலை முடித்தவர்களுக்கு ஓராண்டு முதுகலையும், மூன்றாண்டு முடித்தவர்களுக்கு ஈராண்டு முதுகலையும் என்ற புதிய முறையும் வந்திருக்கிறது, ஆனால் எல்லாத் துறைகளும் ஓராண்டுப் படிப்பைத் தொடங்கிவிடவில்லை.

தமிழ் வழியில் படித்தவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். மொழிப் பாடங்கள் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். வரலாறோ சமூகவியலோ உங்களுக்குத் தமிழில் தலைகீழ்ப் பாடமாக இருக்கலாம், ஆனாலும் அந்தக் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் பார்த்தால் ஒரு நொடி திகைப்பீர்கள். 75 கேள்விகளுக்கு 90 நிமிடம்தான், அந்த ஒரு நொடிகள் சேர்ந்தால் பத்து கேள்வி போய்விடும். என்.டி.ஏ. தளத்தில் பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்து, தெரியாத சொற்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதிப் பழகினால் பயம் போய்விடும்.

க்யூட்டில் சேராமல் தனியே நுழைவுத் தேர்வு வைத்த நிறுவனங்களும் உண்டு, ஹைதராபாத்தில் உள்ள ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகமான இஃப்லு அப்படி நடத்தியதுண்டு. தனியார் பல்கலைக்கழகங்கள் முற்றிலும் வேறு உலகம். அங்கே கட்டணம் லட்சங்களில் போகும், உதவித்தொகை கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

3. பெயரும் இனிஷியலும்

சிரிக்காதீர்கள், இது தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் கார்த்திக் எஸ். என்று இருக்கும், ஆதாரில் எஸ். கார்த்திக் என்று இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கார்த்திக் சுப்பிரமணியன் என்று இருக்கும், கல்லூரி மதிப்பெண் பட்டியலில் இனிஷியலுக்குப் பின் புள்ளி இருக்கும் அல்லது இருக்காது. வடக்கே உட்கார்ந்திருக்கும் சரிபார்ப்பு அலுவலருக்கு இவை நான்கும் நான்கு ஆட்கள்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து விண்ணப்பத்தில் போடுங்கள். ஆதாரில் வேறுபட்டால் டிசம்பருக்கு முன்பே ஆதாரைத் திருத்துங்கள், அதற்கு ஆதாரமாகப் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கொடுக்கலாம். சான்றிதழிலேயே பெயர் தவறு என்றால் அது நீண்ட வேலை, இந்த வருடத்துக்குள் முடியும் என்று நம்ப வேண்டாம். "இரண்டு பெயரும் ஒருவரே" என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் அதை ஏற்றுக்கொள்வார்கள்.

அப்பா பெயர், அம்மா பெயர் கட்டங்களுக்கும் இதே விதிதான். சாதிச் சான்றிதழில் அப்பா பெயருக்கு முன் இனிஷியல் இருந்து விண்ணப்பத்தில் இல்லாவிட்டாலும் கேள்வி வரும்.

4. ஓ.பி.சி. சான்றிதழ்: இதை நிதானமாகப் படியுங்கள்

உங்களிடம் பி.சி. அல்லது எம்.பி.சி. என்று போட்ட நிரந்தரச் சாதிச் சான்றிதழ் இருக்கும். பள்ளியிலிருந்து கல்லூரி வரை எல்லா இடத்திலும் அது செல்லுபடியாகியிருக்கும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் அது செல்லாது. மத்திய அரசு நிறுவனங்களில் பி.சி., எம்.பி.சி. என்ற பிரிவுகளே கிடையாது. அங்கே இருப்பது ஓ.பி.சி.க்கு, அதாவது இதர பிற்படுத்தப்பட்டோருக்கு, 27 சதவீதம், எஸ்.சி.க்கு 15, எஸ்.டி.க்கு 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கு 10. ஓ.பி.சி. ஒதுக்கீடும் கிரீமி லேயர், அதாவது வசதி படைத்தவர்கள் என்று அரசு கணக்கிடும் பிரிவு, அல்லாதவர்களுக்கு மட்டும்தான்.

முதல் வேலை, உங்கள் சாதி தமிழ்நாட்டுக்கான மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது. பிற்படுத்தப்பட்டோருக்கான தேசிய ஆணையத்தின் தளத்தில் மாநில வாரியாகப் பட்டியல் இருக்கும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை. இல்லை என்றால் பொதுப் பிரிவில்தான் விண்ணப்பிக்க வேண்டும், வருமானமும் சொத்தும் வரம்புக்குள் இருந்தால் நலிந்த பிரிவுச் சான்றிதழுக்கு முயலலாம்.

பட்டியலில் இருந்தால் இ-சேவை மையத்தில், அல்லது வீட்டிலிருந்தே இணையத்தில், மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் 60 ரூபாய்தான். பழைய சாதிச் சான்றிதழ், பெற்றோரின் வருமான ஆதாரம், ரேஷன் அட்டை, ஆதார் கேட்பார்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று படியேறி தாலுகா ஆபீசுக்குப் போகும். இணையத்தில் "பரிசீலனையில்" என்று காட்டிக்கொண்டே இருக்கும், ஒரு தடவை வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்துச் சொன்னால்தான் நகரும். பல ஊர்களில் அதுதான் நடைமுறை.

வருமான வரம்பில்தான் பெரிய குழப்பம். ஆண்டுக்கு 8 லட்சம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது என்பது பலருக்குத் தெரியாது, சில அலுவலகங்களுக்கும்தான். சம்பளம் வாங்கும் பெற்றோர் என்றால் அவர்கள் வகிக்கும் பதவியைப் பார்ப்பார்கள், உதாரணமாகக் குரூப் ஏ பதவியில் நேரடியாக நியமிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் கிரீமி லேயர். உங்கள் அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்து "சம்பளமே எட்டு லட்சத்தைத் தாண்டுகிறதே, தர முடியாது" என்று திருப்பி அனுப்பினால் சண்டை போடாதீர்கள். 8.9.1993 தேதியிட்ட மத்திய அரசின் அலுவலக ஆணையையும் அதன் 2004 விளக்கத்தையும் அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். கைக்கு வரும் சான்றிதழிலேயே அந்த 8.9.1993 என்ற தேதி அச்சாகியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உங்களுக்குத் தரப்பட்டிருப்பது வேறு சான்றிதழ்.

அடுத்தது தேதி. என் நண்பர் விழுந்தது இந்தப் பள்ளத்தில்தான். ஜனவரியில் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது முந்தைய ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய சான்றிதழ் இருந்தால் போதும். ஆனால் ஜூனில் சேர்க்கை நடக்கும்போது அந்த நிதியாண்டின் சான்றிதழ், அதாவது அந்த ஆண்டு மார்ச் 31-க்குப் பின் வழங்கியது, வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் கேட்கும். ஆகவே ஏப்ரல் முதல் வாரத்தில் மறுபடியும் விண்ணப்பித்துவிடுங்கள். ஜூனில் விண்ணப்பித்தால் மாநிலம் முழுக்க எல்லாக் கல்லூரிச் சேர்க்கைக்கும் கூட்டம் அலைமோதும், தாலுகா ஆபீசில் உங்கள் கோப்பு அடியில் கிடக்கும்.

நலிந்த பிரிவுச் சான்றிதழுக்கும் இதே நிதியாண்டுக் கணக்குதான். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு இந்த ஆண்டுக்கு ஆண்டு தொல்லை இல்லை. சான்றிதழில் ஆங்கிலமும் இருக்கிறதா, க்யூ.ஆர். குறியீடு தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய அட்டைச் சான்றிதழ் என்றால் புதிதாக இணையவழியில் வாங்கிவிடுவது நல்லது.

5. விண்ணப்பமும் தேர்வும்

கட்டணம் 2025-இல் இப்படி இருந்தது: பொதுப் பிரிவுக்கு இரண்டு தாள் வரை 1,400 ரூபாய், கூடுதல் தாள் ஒவ்வொன்றுக்கும் 700. ஓ.பி.சி., நலிந்த பிரிவினருக்கு 1,200, கூடுதல் தாளுக்கு 600. எஸ்.சி., எஸ்.டி., மூன்றாம் பாலினத்தவருக்கு 1,100, கூடுதல் தாளுக்கு 600. மாற்றுத்திறனாளிகளுக்கு 1,000, கூடுதல் தாளுக்கு 600.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பிப்பதில் தவறில்லை. ஆனால் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். கடைக்காரர் அவசரத்தில் தன் மின்னஞ்சலைப் போட்டுவிட்டு, அப்புறம் பாஸ்வேர்டும் மறந்து, ஹால் டிக்கெட் எடுக்கவே திண்டாடியவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் ஆகஸ்ட் வரை ரீசார்ஜ் ஆகியிருக்க வேண்டும், எல்லா ஓ.டி.பி.யும் அதற்குத்தான் வரும். நிரப்பி முடித்ததும் உறுதிப்படுத்தல் பக்கத்தை இறக்கி, உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி வையுங்கள்.

பதிவு முடிந்த பிறகு திருத்தத்துக்கு ஒரு சில நாட்கள் தருவார்கள். அதில் எல்லாவற்றையும் மாற்ற விட மாட்டார்கள் என்பதால் அதை நம்பி அசட்டையாக நிரப்ப வேண்டாம்.

தேர்வு கணினியில், ஒவ்வொரு சரியான விடைக்கும் 4 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும், மொத்தம் 300. இரண்டு விடைகளுக்கு இடையில் சந்தேகம் என்றால் துணிந்து போடலாம், நான்குமே தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். விடைக்குறிப்பு வந்ததும் அதை எதிர்த்து முறையிடக் கேள்வி ஒன்றுக்கு 200 ரூபாய், அது திரும்பி வராது. கையில் புத்தக ஆதாரம் இருந்தால் மட்டும் செலவழியுங்கள்.

6. மதிப்பெண் வந்துவிட்டது, ஆனால் வேலை இப்போதுதான் தொடங்குகிறது

என்.டி.ஏ. மதிப்பெண் தருவதோடு சரி. கலந்தாய்வு நடத்தாது, சீட்டும் ஒதுக்காது. எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும் என்று நினைத்துக்கொண்டு மெசேஜ் வரும் வரை காத்திருந்து கோட்டை விட்டவர்கள் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு தளம், அதே டெல்லியில் உள்ள ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமான ஜே.என்.யூ.வுக்கு ஒன்று, ஹைதராபாத்துக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று, திருவாரூர் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் தனியே பதிவு செய்ய வேண்டும், தனியே கட்டணம் கட்ட வேண்டும். சில தளங்கள் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே திறந்து, வந்த சில நாட்களிலேயே மூடிவிடும். ஏப்ரல் நடுவிலிருந்து தினமும் காலையில் ஒரு சுற்று எல்லாத் தளங்களையும் பார்த்துவிடுங்கள். இந்த அறிவிப்புகளுக்கு டெலிகிராம் குழுக்களை மட்டும் நம்ப வேண்டாம், அங்கே பாதி வதந்தி.

பதிவில் சதவீதம் கேட்கும் இடத்தில் பலர் தடுமாறுவார்கள். நம் பட்டியலில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடமும் துணைப் பாடமும் என்று பிரிந்து கிடக்கும். முதன்மைப் பாடத்தில் 72, எல்லாம் சேர்த்து 66 என்றால் எதைப் போடுவது? மொத்தச் சதவீதம் என்று கேட்டால் எல்லாத் தாள்களையும் கூட்டியதைப் போடுங்கள். கிரேடு மட்டும் இருந்தால் அதைச் சதவீதமாக மாற்றும் சூத்திரத்தைக் கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி வையுங்கள். நீங்களாகக் கணக்குப் போட்டு அதிகமாகப் போட்டுவிட்டால் சரிபார்ப்பில் விண்ணப்பமே ரத்தாகலாம்.

ஒதுக்கீடு வந்த பிறகு நேரம் மிகக் குறைவு, இரண்டு மூன்று நாட்கள்தான் இருக்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஒதுக்கிய இடத்தைக் குறித்த நேரத்துக்குள் ஏற்கவில்லை என்றால் அடுத்த சுற்றுகளிலும் உங்கள் பெயர் இருக்காது. பிடிக்காத கல்லூரி வந்திருக்கிறதா? முதலில் ஏற்றுக்கொண்டு, அடுத்த சுற்றில் இன்னும் நல்ல இடத்துக்கு மாறும் (அப்கிரேடு) வாய்ப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு இடங்களில் கிடைத்தால் முதலில் வந்ததில் பணம் கட்டிவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பதில் தப்பில்லை. 2024-25 கல்வியாண்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சொன்னபடி செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வரும், அக்டோபர் 31-க்குள் என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொள்ளலாம். அசல் சான்றிதழ்களை நிறுவனம் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் யு.ஜி.சி. விதி, பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

7. கல்லூரியிலிருந்து வாங்க வேண்டியவை

டி.சி., நன்னடத்தைச் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், ஒருங்கிணைந்த பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ். கடைசியாகச் சொன்னதுதான் பலருக்குப் புதிது. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வேறொன்றுக்குப் போகும்போது மைக்ரேஷன் கேட்பார்கள். இதைக் கல்லூரி தராது, உங்கள் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகம்தான் தரும். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தாலும் அப்படியே. ரிசல்ட் வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள், வாரக்கணக்கில் ஆகும். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் தந்த மைக்ரேஷனைக் கொண்டுபோய்க் காட்டினால் ஏற்க மாட்டார்கள்.

சேரும் நாளில் இது கையில் இல்லாவிட்டால் இத்தனை நாளில் தருகிறேன் என்று உறுதிமொழி எழுதிக்கொடுத்துச் சேரலாம். டி.சி.யைப் புதிய இடத்தில் ஒப்படைக்கும் முன் நகல் தேவைப்படுமே என்று யோசித்து, குறைந்தது நான்கு பிரதி எடுத்து வையுங்கள். பட்டம் முடித்து ஓரிரு வருடம் ஆகியிருந்தால் இடைவெளிக்கான உறுதிமொழிப் பத்திரமும் கேட்பார்கள். ராகிங் தடுப்பு உறுதிமொழியை இணையத்திலேயே நிரப்பிவிடலாம்.

எல்லாவற்றையும் ஒழுங்காக ஸ்கேன் செய்யுங்கள். கைபேசியில் சாய்வாக எடுத்த படத்தில் முத்திரை மங்கலாகத் தெரிந்தால் தொலைவில் இருந்து பார்ப்பவர் "தெளிவில்லை" என்று திருப்பிவிடுவார், மறுபடி ஏற்ற ஒரு நாள்தான் தருவார்கள்.

8. பணம்

மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. கட்டணம் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. ஜே.என்.யூ.வில் டியூஷன் கட்டணம் மட்டும் பார்த்தால் ஆண்டுக்கு மூன்று இலக்கத்தைத் தாண்டாது. மற்ற இடங்களிலும் பெரும்பாலும் சில ஆயிரங்களில் முடியும். செலவு சாப்பாட்டிலும் தங்குமிடத்திலும்தான். விடுதி கிடைத்தால் மெஸ் பில் மாதம் சில ஆயிரம். கிடைக்காவிட்டால் வெளியே அறை, முன்பணம், தரகர் என்று கணக்கே மாறிவிடும். முதல் மாதம் கையில் 25,000 ரூபாயாவது இல்லாமல் டெல்லிக்குக் கிளம்பாதீர்கள்.

உதவித்தொகையில் தமிழ்நாட்டு மாணவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் படிக்கும் பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் மாணவர்களுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய் வரை உதவித்தொகை தருகிறது. விண்ணப்பத்தை நிரப்பி, படிக்கும் நிறுவனத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, சென்னையில் உள்ள பி.சி. அல்லது எம்.பி.சி. நல இயக்குநரகத்துக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் அலுவலர்களுக்கு இப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாமல் இருக்கலாம், அறிவிப்பின் ஆங்கிலப் பிரதியைச் சேர்த்துக் கொடுங்கள். இதற்கு மட்டும் உங்கள் பழைய பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் தேவைப்படும், அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு.

யு.ஜி.சி.யின் முதுகலை உதவித்தொகை ஒன்றும் இருக்கிறது, மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதம். தேசிய உதவித்தொகைத் தளத்தில் முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். இளங்கலை மதிப்பெண்ணை வைத்துத் தேர்ந்தெடுப்பதால் நல்ல சதவீதம் உள்ளவர்கள் தவறவிடாதீர்கள்.

9. ரயிலும் அறையும்

பட்டியல் வருவது திடீரென்று, ரயில் முன்பதிவு திறப்பதோ 60 நாள் முன்பு. கோடையில் தமிழ்நாடு எக்ஸ்பிரசிலோ கிராண்ட் டிரங்கிலோ கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது. வகுப்பு தொடங்கும் தேதியை உத்தேசமாக வைத்து இரண்டு மூன்று நாட்களுக்கு டிக்கெட் போட்டு வைத்து, வேண்டாததை ரத்து செய்வது எனக்குத் தெரிந்து பலரும் செய்யும் வழி. ரத்துக் கட்டணம் போகும், பரவாயில்லை.

விடுதிக்குச் சேர்க்கையோடு தனி விண்ணப்பம் போட வேண்டும், சில இடங்களில் அதற்கும் தகுதிப் பட்டியல். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் விடுதி இடம் மிகக் குறைவு, ஜே.என்.யூ.வில் காத்திருப்புப் பட்டியல் நகர்வதற்கு மாதங்கள் ஆகலாம். அதுவரை டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்துக்கு முகர்ஜி நகர், ஜே.என்.யூ.வுக்கு முனிர்கா, பேர் சராய் பக்கம் அறை தேடுவார்கள். பார்க்காமல் ஆன்லைனில் முன்பணம் அனுப்பாதீர்கள். அந்தந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர்கள் யாராவது கட்டாயம் இருப்பார்கள், சீனியர் அண்ணன் அக்கா யாரையாவது தேடிப் பிடித்து முதல் வாரம் அவர்கள் அறையில் தங்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். விடுதிப் படிவத்தில் உள்ளூர்க் காப்பாளர் பெயர் கேட்டாலும் அவர்கள்தான் வழி சொல்வார்கள்.

10. பாடம் மாறுபவர்களும் சீட்டு கிடைக்காதவர்களும்

பி.ஏ. ஒரு பாடம், எம்.ஏ. வேறு பாடம் என்று போவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். ஆராய்ச்சிக்கோ கல்லூரிப் பேராசிரியர் வேலைக்கோ அது தடையில்லை. எம்.ஏ.வில் 55 சதவீதமும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும்தான் முக்கியம், ஓ.பி.சி. கிரீமி லேயர் அல்லாதோர், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 50 போதும். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் பிஎச்.டி. சேர்ந்ததும் மாதம் 37,000 ரூபாய் வரும், எம்.ஏ. இரண்டாம் ஆண்டிலேயே நெட் எழுதலாம். ஆனால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆகும் எண்ணம் இருந்தால் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும், கூடவே பி.எட். வேண்டும். பண்பாட்டு ஆய்வுகள், ஒப்பீட்டு இலக்கியம் மாதிரி வித்தியாசமான பெயருள்ள எம்.ஏ. என்றால் அதை வழக்கமான பாடத்துக்குச் சமம் என்று ஏற்கும் இணைத்தகுதி அரசாணை இருக்கிறதா என்பதையும் சேருவதற்கு முன்பே பாருங்கள்.

சீட்டு கிடைக்கவில்லை என்றால் மாநிலப் பல்கலைக்கழகத் துறைகள் இருக்கின்றன. அவற்றின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் மே, ஜூனில் திறக்கும் என்பதால் மத்தியப் பல்கலைக்கழகப் பட்டியலுக்குக் காத்திருக்கும்போதே அங்கேயும் ஒன்று போட்டு வையுங்கள். வேலையில் இருப்பவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ நல்ல வழி, ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு தடவை சேர்க்கை உண்டு, அந்த எம்.ஏ.வை வைத்து நெட் எழுதலாம். வேறு எங்கே தொலைதூரக் கல்வியில் சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று அதன் தளத்தில் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தும் குறிப்பிட்ட படிப்புக்கு இல்லாமல் போவதுண்டு. இப்போது சேர்வதற்கு டெப் ஐ.டி. என்ற எண்ணும் கட்டாயம். அதை நீங்களே அந்தத் தளத்தில் இலவசமாக உருவாக்கலாம், அதற்கென்று பணம் கேட்கும் மையங்களிடம் கொடுக்காதீர்கள்.